கண்டியிலிருந்து எத்தனை சுற்று?

யாழ்ப்பாணத்து அரியாலையில் கண்டி வீதியோரம் ஒரு மதகு இடிந்துபோனது என்று வைத்துக்கொள்வோம். ஊரவர் ஒருவர் மற்றவருக்கு இடம் சொல்வதில் சிரமமே இல்லை. "மாம்பழம் சந்தி தாண்டிச் செம்மணிப் பக்கம் போகேக்கை இடக்கைப் பக்கம், அந்தப் பழைய மதிலுக்கு நேரே" என்றால் போதும். கேட்டவர் நேரே போய் நிற்பார். ஆனால் அந்த மதகைத் திருத்தப் பணம் ஒதுக்கவேண்டியவர் கொழும்பில் இருக்கிறார். அவருக்கு மதிலைத் தெரியாது. அடுத்த மாரிக்குள் மதிலே இல்லாமல் போகவும் கூடும். அவருக்கு வேண்டியது வேறுவகை முகவரி: ஏ-9 வீதி, இத்தனையாவது கிலோமீற்றர், அதிலிருந்து இத்தனை மீற்றர், வலப்பக்கம்.

வலப்பக்கம் என்றது எழுத்துப் பிழையன்று. வீதிப் பதிவேட்டில் எண் ஏறும் திசையைப் பார்த்து நிற்பவரின் இடமும் வலமுமே கணக்கு. ஏ-9 கண்டியில் தொடங்கித் தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு, சாவகச்சேரி என்று எண் ஏறிக்கொண்டே வந்து, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து அரியாலைக்குள் நுழைகிறது. ஆகவே பதிவேட்டின் மனிதர் எப்போதும் யாழ்ப்பாண நகரைப் பார்த்தபடியே வருகிறார். செம்மணிக்குப் போகிற அரியாலைக்காரரின் இடக்கை அவருக்கு வலக்கை.

இப்படி ஒவ்வொரு மதகுக்கும் பாலத்துக்கும் சந்திக்கும் ஓர் எண் கொடுப்பது எப்படி? முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வீதியை நாடா பிடித்து யாரும் அளப்பதில்லை. ஒரு வாகனத்தின் சக்கரத்தில் சின்னதொரு கருவியைப் பூட்டி, அதன் எண்ணைச் சாரதிக்குப் பக்கத்திலுள்ள திரையில் காட்டி, வீதி முழுவதையும் ஓட்டிவிடுகிறார்கள். கருவி செய்வது ஒரேயொரு வேலைதான். சக்கரம் எத்தனை தரம் சுற்றியது என்று எண்ணுகிறது. சாதாரணக் கார் ரயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீற்றர் போகும்; கிலோமீற்றருக்கு 500 சுற்று. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வர ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான சுற்றுகள். இவற்றை எண்ணுவது இயந்திரத்துக்குப் பெரிய காரியமல்ல. ஒவ்வொரு சுற்றும் உண்மையில் எவ்வளவு நீளம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

முதலில் இந்தப் பதிவேடு எதற்கு என்று பார்த்துவிடலாம். 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் நாடெங்கும் ஏறத்தாழ 12,000 கிலோமீற்றர் ஏ, பி தரத் தேசிய வீதிகள் இருக்கின்றன. சி, டி தர வீதிகள் மாகாண நிர்வாகத்துடையவை. மிச்சமுள்ள ஒழுங்கைகள் எல்லாம் மாநகர சபை, பிரதேச சபைகளின் தலையில். வீதி எவ்வளவு அகலம், மேலே தாரா காபெற்றா கிரவலா, ஓரம் எப்படி, வடிகால் உண்டா, மதகு எங்கே, எந்த இடத்தில் எந்த ஒழுங்கை வந்து ஏறுகிறது, புகையிரதக் கடவை எது, பஸ் தரிப்பிடம் எது என்று எல்லாமே தூரத்தை முன்வைத்து எழுதப்படுகின்றன. தூரம் பிழைத்தால் மற்றதெல்லாம் இடம் மாறிவிடும். காசும் அப்படித்தான். 12,000 கிலோமீற்றரில் நூற்றுக்கு ஒன்று பிழை என்றால் 120 கிலோமீற்றர். இல்லாத வீதிக்குத் தார் வாங்கவேண்டி வரும், அல்லது இருக்கிற வீதிக்குத் தார் காணாமல் போகும்.

அரியாலையில் மதகுகளின் கதை இன்னும் கூர்மையானது. உப்பாறு நீரேரி இந்தப் பக்கமாகத்தான் கடலோடு சேர்கிறது. நன்னீரைக் காத்து உவர்நீரைத் தடுக்கவென்று 1950களில் அரியாலையில் தடுப்பணை கட்டினார்கள். பொறியியலாளர் ஆறுமுகத்தின் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற கனவின் ஒரு துண்டு அது. செம்மணி வெளியில் வீதி ஒரு நீண்ட அணைபோலவே கிடக்கிறது. மாரியில் ஒரு பக்கத்து வெள்ளம் மறுபக்கம் போக வழி மதகுகள்தாம். (செம்மணி என்றதும் இன்று உலகத்துக்கு நினைவு வருவது அங்குள்ள மனிதப் புதைகுழி. அதை ஒரு வரியில் சொல்லிக் கடக்க எனக்கு மனமில்லை, தனியே எழுதவேண்டியது.) அடைத்துக்கொண்ட மதகு எது என்பதை வெள்ளம் வருமுன் தெரிந்து வைத்திருக்க, அந்த இடத்துக்கு ஓர் எண் வேண்டும்.

சக்கரம் சுற்றுவதை எண்ணித் தூரம் அளக்கும் யோசனை ஈராயிரம் வருடப் பழசு. உரோமப் பொறியியலாளர் விற்றுருவியசு தம் கட்டடக்கலை நூலின் பத்தாம் பகுதியில் ஒரு வண்டியை விவரிக்கிறார். அதன் சக்கரம் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டரை உரோம அடி போகும். 400 சுற்றுக்கு 5000 அடி, அதாவது ஓர் உரோம மைல். பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளி, மைலுக்கொருதரம் ஒரு கூழாங்கல்லைப் பெட்டிக்குள் விழுத்தும். பயணம் முடிந்ததும் கல்லை எண்ணினால் சரி. பழைய சீனத்து வண்டியில் மரப்பொம்மை ஒன்று 'லீ' என்ற தூர அளவுக்கு ஒருதரம் மேளம் அடித்தது.

எனக்கு மிகப் பிடித்த கதை 1847இல் அமெரிக்காவில் நடந்தது. மோர்மன் மதக் குழுவொன்று மாட்டு வண்டிகளில் மேற்கே போகிறது. அன்றைக்கு எத்தனை மைல் வந்தோம் என்பதில் தினமும் வாக்குவாதம். வில்லியம் கிளேற்றன் என்பவருக்கு மற்றவர்களுடைய மதிப்பீடு எல்லாம் மிகை என்று பட்டது. அவர் வண்டிச் சக்கரத்தை அளந்தார்: சுற்றளவு 14 அடி 8 அங்குலம். 360 சுற்றுக்கு மிகச் சரியாக ஒரு மைல் வருகிறது. ஆரக்காலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, வண்டியோடு கூடவே நடந்து, துணி மேலே வரும் ஒவ்வொரு தரத்தையும் நாள் முழுக்க எண்ணினார். சில நாட்களில் அலுத்துப்போய், குழுவிலிருந்தவர்கள் மரத்தில் பற்சக்கரம் செதுக்கி எண்ணும் பொறி ஒன்றைச் செய்தார்கள். சலிப்புத் தாங்காமல் பிறந்த கருவிகளுக்கு ஒரு பட்டியல் போட்டால் இதற்கு முன்வரிசையில் இடம் கொடுக்கலாம்.

நம்முடைய பக்கத்திலும் கிழக்கிந்தியக் கம்பனியின் அளவையாளர்கள் கைபிடி வைத்த ஒற்றைச் சக்கரத்தை உருட்டிக்கொண்டுதான் பாதைகளை அளந்தார்கள். துல்லியம் வேண்டிய இடத்தில் அதை அவர்கள் நம்பவில்லை. 1802இல் வில்லியம் லாம்ற்றன் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலி வைத்து அளந்தார். அதற்கு 57 நாள் எடுத்தது. அதே ஏழரை மைலைச் சக்கரத்தால் ஒரு காலைப்பொழுதில் உருட்டி முடிக்கலாம். துல்லியமும் வேகமும் ஒன்றாகக் கிடைக்காது என்று அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இன்றைய வாகனத் தூரமானி அந்த இரண்டையும் ஓரளவு சமாதானப்படுத்தி வைத்திருக்கிறது: நல்ல கருவி, கவனமான சாரதி என்றால் கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் பிழைக்குள் நிற்கும்.

இன்றைய பொறியில் கூழாங்கல் இல்லை, காந்தம் இருக்கிறது. மின்னோட்டம் போகும் தகட்டைக் காந்தப்புலத்தில் வைத்தால் தகட்டின் குறுக்கே சிறியதொரு மின்னழுத்தம் தோன்றும் என்று எட்வின் ஹோல் 1879இல் கண்டார். சக்கரத்தோடு சுற்றும் பல்வளையத்துக்கு முன்னே அப்படியான உணரி ஒன்றை வைத்தால், ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு மின்துடிப்பு வரும். வளையத்தில் ஐம்பது பல் என்றால் துடிப்புக்கு 4 சென்ரிமீற்றர். புதிய கார்களில் பிரேக் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பதற்காக இந்த உணரி ஏற்கெனவே இருக்கிறது. அளவையாளர் அதிலிருந்தே துடிப்பை எடுத்துக்கொள்ளலாம். இயந்திரம் தள்ளாத சக்கரமாக இருந்தால் நல்லது. உந்தும் சக்கரம் தரையில் கொஞ்சம் வழுக்கிக்கொண்டே போகும்.

இனி ரயருக்கு வருவோம்.

கணக்குப் புத்தகத்து வட்டத்தின் சுற்றளவு மாறாது. ரயர் அப்படியில்லை. வாகனத்தின் பாரம் அழுத்துவதால் தரையைத் தொடும் இடம் தட்டையாகிறது. அச்சிலிருந்து நிலத்துக்கு உள்ள உயரம், பாரம் இல்லாத ஆரையைவிடக் குறைவு. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் ஆரையோடுதான் ரயர் உருள்கிறது. பின்னால் இரண்டு பேர் ஏறினால் அது மாறும். காற்றுக் குறைந்தால் மாறும். காலை ஆறு மணிக்குக் குளிர்ந்து கிடந்த ரயர் சாவகச்சேரி வெயிலில் அரை மணி ஓடியதும் மாறும்: வெப்பநிலை 10 பாகை கூட, கார் ரயருக்குள் அழுத்தம் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறுகிறது. ஆகவே அளவை தொடங்குமுன் வாகனத்தைச் சில கிலோமீற்றர் சும்மா ஓட்டி ரயரைச் சூடாக்குவார்கள். தெரியாதவருக்கு எரிபொருளை வீணாக்குவதாகப் படும்.

எல்லாவற்றிலும் பெரிது தேய்மானம். புது ரயரின் தவாளிப்பு ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் ஆழம். பல நாடுகளில் 1.6 மில்லிமீற்றருக்கு இறங்கினால் ரயரை மாற்றச் சட்டம் சொல்கிறது. ஆரையில் 6.4 மில்லிமீற்றர் போனால் சுற்றளவில் 4 சென்ரிமீற்றர் போகும். அது நூற்றுக்கு இரண்டு. புது ரயருக்குச் சரிபார்த்த கருவியோடு, தேய்ந்த ரயரில் கண்டியிலிருந்து புறப்பட்டால், கணக்குப்படி யாழ்ப்பாண நகரம் ஆறு கிலோமீற்றருக்கு அப்பால், பண்ணைப் பாலத்தையும் தாண்டி வேலணைப் பக்கம் போய் நிற்கும். நல்லவேளையாக நிலைமை அவ்வளவு மோசமில்லை. ரயருக்குள்ளே இழுபடாத எஃகு வார் ஒன்று சுற்றி ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதைத் தீர்மானிப்பதில் அந்த வாருக்கே பெரும் பங்கு. வெளி இறப்பரின் தேய்மானம் அதே அளவுக்குத் தூரத்தைத் தின்பதில்லை. என்றாலும் அளவையாளர் ரயரை நம்பமாட்டார். நேரான, மட்டமான வீதியில் முன்கூட்டியே நாடாவால் துல்லியமாக அளந்து குறித்த ஒரு துண்டை ஓட்டிப் பார்த்து, அதற்கு எத்தனை துடிப்பு என்று கருவிக்குச் சொல்லிக் கொடுப்பார். ரயர் மாற்றினால் திரும்ப, காற்றடித்தால் திரும்ப, மாதம் ஒன்று போனாலும் திரும்ப. எங்கள் குடாநாட்டின் தட்டை நிலம் இதற்கென்றே படைத்ததுபோல் இருக்கிறது. கண்டிப் பக்கம் மட்டமான ஒரு கிலோமீற்றரைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை.

மேடு பள்ளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. சக்கரம் அளப்பது சரிவின் நீளம். வரைபடம் காட்டுவது கிடைத்தூரம். நூற்றுக்கு ஐந்து ஏற்றத்தில் கிலோமீற்றருக்கு 1.25 மீற்றர் வித்தியாசம். தார் போடுகிறவருக்குச் சரிவின் நீளமே வேண்டும் என்பதால் இதில் சக்கரம் சொல்வதே சரி.

முடக்குகளில் ஒரு விந்தை இருக்கிறது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிடக் கூடத் தூரம் போகிறது. எவ்வளவு கூட? சந்தியில் நெருக்கமாகத் திரும்பினால் அதிகம், அகன்ற வளைவில் குறைவு என்றுதான் எவருக்கும் தோன்றும். உண்மையில் வளைவின் அகலத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. எத்தனை பாகை திரும்பினோம் என்பது மட்டுமே கணக்கு. சக்கரங்களுக்கு இடையே 1.5 மீற்றர் என்றால், செங்கோணத் திருப்பத்துக்கு 2.4 மீற்றர், அது ஒழுங்கை முடக்கானாலும் சரி, ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கு மெல்ல வளையும் பெருவீதியானாலும் சரி. ஒரு சுற்றுவட்டத்தை முழுதாகச் சுற்றினால் 9.4 மீற்றர். இலங்கைத் தீவைக் கரையோரமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே, புறப்பட்ட திசையிலேயே வந்து நின்றாலும் வெளிச்சக்கரம் கூட ஓடியது அதே 9.4 மீற்றர்தான். இடத் திருப்பத்தை வலத் திருப்பம் கழித்துவிடுவதால் நீண்ட வீதிகளில் இந்தப் பிழை தானாகவே கரைகிறது. கருவிகளைச் செய்தவர்களுக்கு இது எதிர்பாராத கொடை.

மனிதப் பிழை அப்படிக் கரைவதில்லை. மதகு வந்ததும் பக்கத்தில் இருப்பவர் பொத்தானை அமுக்கவேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றரில் வாகனம் செக்கனுக்கு 16.7 மீற்றர் போகிறது. கண் கண்டு விரல் அமுக்க அரைச் செக்கன் ஆனால் மதகு 8 மீற்றர் நகர்ந்துவிட்டது. வேகத்தை 20க்குக் குறைத்தால் பிழை 3 மீற்றருக்குள் வரும். பின்னால் வரும் பஸ்காரர் ஹோர்ன் அடிப்பார். முன்னே போகும் சைக்கிளை விலத்தி முந்துவது, கிடங்கைச் சுற்றிப்போவது எல்லாம் சென்ரிமீற்றர் சென்ரிமீற்றராகத் தூரத்தில் சேர்கின்றன.

ஜி.பி.எஸ். வந்த பிறகும் இதெல்லாம் ஏன் என்று கேட்கலாம். செய்மதி, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைச் சில மீற்றர் பிழையோடு நன்றாகவே சொல்லும். எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்பதில் தடுமாறும். புள்ளிக்குப் புள்ளி சிறு சிறு பிழைகள் இப்படியும் அப்படியும் விழுவதால், நேரான வீதிகூட நெளிந்ததாகப் பதிவாகி நீளம் கூடும். புள்ளிகளை அரிதாக எடுத்தால் முடக்குகளை வெட்டிக்கொண்டு போய் நீளம் குறையும். புகையிரதக் கடவையில் ரயிலுக்குக் காத்து நிற்கும் ஐந்து நிமிடத்திலும் ஜி.பி.எஸ். புள்ளி அங்குமிங்கும் அலைந்துகொண்டிருக்கும். சக்கரம் நின்றால் நின்றதுதான். அதனால் இப்போது இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். இந்தியாவில் தேசிய நெடுஞ்சாலைகளில் ஓடும் அளவை வாகனங்களில் லேசர், கமரா, ஜி.பி.எஸ். எல்லாம் உண்டு. இப்படியான வாகனங்களில் கமரா இத்தனை செக்கனுக்கு ஒரு படம் என்று எடுப்பதில்லை. இத்தனை மீற்றருக்கு ஒரு படம். படம் எடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று சொல்லும் வேலை சக்கரத்து உணரியுடையது.

எண் ஒருமுறை எழுதியாயிற்று என்றால் அது நிலைத்துவிடுமா? ஒரு கூரான முடக்கை வெட்டி நேராக்கினால் வீதி 200 மீற்றர் குறையும். அதற்கு அப்பாலுள்ள ஒவ்வொரு மதகுக்கும் பாலத்துக்கும் எண் மாறவேண்டும். பழைய கோப்புகள், ஒப்பந்தங்கள், விபத்துப் பதிவுகள் எல்லாம் பிழையாகிவிடும். பொறியியலாளர்கள் இதற்கு ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். நேராக்கிய இடத்தில் எண்ணை ஒரு துள்ளுத் துள்ளவிட்டு, அப்பாலுள்ளதைப் பழையபடியே வைத்துக்கொள்வார்கள். அப்படியான இடத்தில் அடுத்தடுத்த இரண்டு கிலோமீற்றர் கட்டைகளுக்கு நடுவே 800 மீற்றர்தான் இருக்கும். வீதியின் தூரம் என்று நாம் நம்புவதில் ஒரு பங்கு அளவை. இன்னொரு பங்கு, சொன்ன எண்ணை மாற்றுவதில்லை என்ற உடன்படிக்கை. எண் மாறாவிட்டாலும் போரால் வீதியே மூடிப்போனதும் உண்டு: ஏ-9 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மூடி, 2009இல் மறுபடி திறந்தது. மூடியிருந்த காலத்தில் கொழும்புக்குப் போகக் கப்பலும் விமானமும் தேடியவர்களுக்குக் கண்டி எவ்வளவு தொலைவு என்று எந்தக் கட்டையும் சொல்லியிருக்க முடியாது.

பெரிய வீதிகளுக்கு அதிகார சபை இருக்கிறது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் 2014இல் தொடங்கிய 'ஐ றோட்' போன்ற திட்டங்கள் கிராமத்து வீதிகள் சிலவற்றையும் எண்ணுக்குள் கொண்டுவந்தன. மிச்சமிருப்பவை அரியாலை கிழக்கின் பூம்புகார், முள்ளிப் பக்கம் போகும் வழிகளைப் போன்ற நூற்றுக்கணக்கான ஒழுங்கைகள். அவற்றை அளக்க லேசர் பூட்டிய வாகனம் வரப்போவதில்லை. வந்தாலும் பாதி ஒழுங்கைக்குள் நுழையாது. என் எண்ணத்தில் அவற்றுக்கு ஏற்ற கருவி ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. உலகத்து மரதன் ஓட்டப் பாதைகளை இன்றும் சைக்கிளால்தான் அளக்கிறார்கள். 1971இல் அமெரிக்கரான அலன் ஜோன்சு தம் மகனோடு சேர்ந்து அமைத்த, முன்சக்கர அச்சில் பூட்டும் சிறு எண்மானி அதற்குப் போதுமாயிருக்கிறது. அது ஏறக்குறைய 9 சென்ரிமீற்றருக்கு ஓர் எண் காட்டும். பாதை குட்டையாகிவிட்டால் சாதனையே செல்லாது என்பதால், ஆயிரத்துக்கு ஒன்று, அதாவது 42 மீற்றர், கூட்டியே அமைப்பார்கள்.

ஒரு பிரதேச சபையோ சனசமூக நிலையமோ இதைச் செய்ய விரும்பினால் வழி எளிது. கண்டி வீதியில் நேரான 300 மீற்றரை எஃகு நாடாவால் அளந்து இரு முனையிலும் ஆணி அடிக்கவேண்டும். எஃகு நாடாவின் அளவு 20 பாகைக்கு உரியது. எங்கள் 32 பாகையில் அது நீண்டுபோவதால் 300 மீற்றருக்கு 4 சென்ரிமீற்றர் திருத்தம் உண்டு. பெரிய சக்கரச் சைக்கிள் என்றால் ஒரு சுற்று 2.2 மீற்றருக்குச் சற்றுக் கூட. ஆனால் அந்த எண்ணை ஏட்டிலிருந்து எடுக்கக்கூடாது. அளக்கப்போகிற ஆளே ஏறி இருந்து, அதே காற்றோடு, அந்த 300 மீற்றரை நாலு தரம் ஓட்டி எண்ணைக் குறிக்கவேண்டும். பிறகு ஒழுங்கைகளுக்குள் போகலாம். வெயில் ஏற ரயரும் ஊதும் என்பதால் வேலை முடிந்ததும் அதே ஆணிகளுக்கு இடையே இன்னும் நாலு தரம் ஓட்டி, காலை எண்ணுக்கும் பின்னேர எண்ணுக்கும் சராசரியை எடுத்துக்கொள்ளவேண்டும்.